பார்த்துக்கொண்ட கையே!

(பட்டிமன்றத் தலைப்பு: பழைய வண்டிக்கு விலை சொல்வது ஓடிய தூரமா? பார்த்துக்கொண்ட கையா? இடம்: டொராண்டோ. ‘பார்த்துக்கொண்ட கையே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிர் அணியில் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! என் அணியின் தோழர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தட்டில் சோறோடு உட்கார்ந்து, “இவன் என்ன பேசப் போறான் பார்ப்போம்” என்று காத்திருக்கும் குடும்பத்தார்களே!

நடுவர் ஐயா, நான் பேச்சாளன் இல்லை. சட்பரியில இருந்து நானூறு கிலோமீட்டர் பனியில கார் ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். என் தொழில், எஞ்சின் ரிப்பேர். கோடைக்காலத்துல புல்வெட்டுற மிஷின், குளிர்காலத்துல ஸ்நோமொபைல். கையைப் பாருங்க. எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல கறுப்பு போகாது. ‘பார்த்துக்கொண்ட கை’ அப்படின்னு பேச இந்தக் கைக்கு உரிமை உண்டா இல்லையா? (கைதட்டல்)

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய அண்ணாச்சி அழகாகச் சொன்னார். “மீட்டர் பொய் சொல்லாது. மனுஷன்தான் பொய் சொல்வான். அதனால மீட்டரைப் பார், விலையைச் சொல்.” கேட்க நல்லாத்தான் இருக்கு. அண்ணாச்சி கார் வாங்கியிருக்கார், வேன் வாங்கியிருக்கார். ஸ்நோமொபைல் வாங்கினதில்லை. வாங்கியிருந்தா இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பார். (சிரிப்பு)

ஸ்நோமொபைல்னா என்னன்னு ஊரிலிருந்து பார்க்கிற தாய்மார்களுக்கு ஒரு வரியில சொல்லிடறேன். முன்னால சக்கரம் கிடையாது, ரெண்டு சறுக்குப் பலகை. பின்னால ஒரு பெரிய ரப்பர் பட்டை சுத்தும். டிராக்னு பேரு. நடுவுல எஞ்சின். மேல நம்ம ஆளு. பனி மேல ஓடுற பைக்குன்னு வச்சுக்குங்க. ஒன்டாரியோ மாநிலத்துல மட்டும் இதுக்காகவே பராமரிக்கிற பனிப்பாதை சுமார் 30,000 கிலோமீட்டர் இருக்கு. விளையாட்டுக்கும் ஓட்டுறாங்க, மீன் பிடிக்கவும் ஓட்டுறாங்க. ரோடு இல்லாத வடக்கு ஊர்கள்ல வீட்டுக்கு வீடு இதுதான் மாட்டு வண்டி.

இதைக் கண்டுபிடிக்க உழைச்சவர்கள்ல முக்கியமானவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. கியூபெக் மாநிலத்துல வால்கூர் என்ற சின்ன ஊரில் மெக்கானிக். 1934 ஜனவரியில அவருடைய ரெண்டு வயசுப் பையனுக்குக் குடல்வால் அழற்சி. ஊரெல்லாம் பனி. பாதை மூடிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை போயிட்டான். அதுக்கு முன்னாலிருந்தே பனியில ஓடுற வண்டிக்காக முயற்சி பண்ணிக்கிட்டிருந்த மனுஷன், அதுக்கப்புறம் விடவே இல்லை. 1937-ல் தன்னுடைய டிராக் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1942-ல் கம்பெனி தொடங்கினார். 1959-ல் ஸ்கி-டூ வந்தது.

எதுக்குச் சொல்றேன்? இது பொம்மை இல்லைங்க. மைனஸ் முப்பது டிகிரியில, வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி, உறைஞ்ச ஏரி நடுவுல இது நின்னு போச்சுன்னா, உள்ளே இருக்கிறவன் கதவைச் சாத்திக்கிட்டு உட்காரக் கதவே கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு விலை சொல்றதுன்னா அது வெறும் காசுக் கணக்கு இல்லை. “இதை நம்பி நீ ஏரிக்குள்ள போகலாம்” என்று ஒருத்தனுக்குக் கொடுக்கிற வாக்கு!

எங்க அப்பா என்னைச் சின்ன வயசுல மணப்பாறை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போவார். மாட்டு வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல். கடை சேர்ந்துடுச்சுன்னா அதுக்கு மேல பல்லை எண்ணி வயசு சொல்ல முடியாது. அப்போ என்ன பண்ணுவார் தெரியுமா? “அண்ணே, கொஞ்சம் நடக்க விடுங்க” என்பார். அப்புறம், “பூட்டிப் பார்த்துடலாமா?” என்பார். கொம்பைச் சீவி எண்ணெய் தடவி நிக்கிற மாட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நடுவர் ஐயா, அண்ணாச்சி பல்லை மட்டும் எண்ணிட்டு உட்கார்ந்துட்டார். நாங்க பூட்டிப் பார்க்கச் சொல்றோம். (கைதட்டல்)

சரி, மீட்டர் பொய் சொல்லாதுன்னாரே, அதுக்கு வர்றேன்.

முதல் விஷயம். அமெரிக்காவில இருந்து எல்லை தாண்டி வர்ற வண்டியில மீட்டர் மைல் கணக்குல இருக்கும். இங்க கனடாவில கிலோமீட்டர். மீட்டர்ல 12,000-னு எழுதியிருக்கு. வாங்குறவர், “அட, பன்னிரண்டாயிரம்தானே” என்று சந்தோஷமாப் பணத்தை எண்ணிட்டுப் போறார். அது 12,000 மைல். கிலோமீட்டர்ல சொன்னா 19,000-க்கு மேல! மீட்டர் பொய் சொல்லலை. உண்மையையும் முழுசாச் சொல்லலை. (சிரிப்பு)

ரெண்டாவது விஷயம். மீட்டர் பெட்டி கெட்டுப்போனா வேற பெட்டி மாட்டலாம். அப்போ அதுல இருக்கிற எண் எந்த வண்டியோடது? ஆனா கால் வைக்கிற பலகையில தேய்மானம் இருக்கே, ஹேண்டில் பிடியில பளபளன்னு வழவழப்பு இருக்கே, ஸ்டீயரிங்கை ஆட்டினா லொடலொடங்குதே, அதையெல்லாம் யார் மாத்த முடியும்? மீட்டர்ல நாலாயிரம், பலகையில நாற்பதாயிரம்னா நான் பலகையைத்தான் நம்புவேன்.

மூணாவது விஷயம்தான் முக்கியம். சில வண்டியில தூரத்தோட, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடினதுன்னும் மீட்டர் காட்டும். எங்க கடைக்கு ரெண்டு வண்டி ஒரே வாரத்துல வந்தது. ஒண்ணு 24,000 கிலோமீட்டர், 600 மணி நேரம். இன்னொண்ணு 6,000 கிலோமீட்டர், 400 மணி நேரம். வகுத்துப் பாருங்க. முதல் வண்டி சராசரி மணிக்கு 40. நல்ல பாதையில, சீராகப் பயணம் போன வண்டி. ரெண்டாவது வண்டி சராசரி மணிக்கு 15. அது பயணம் போகலை. விறகு இழுத்திருக்கு, மீன்பிடிக் குடிசையை இழுத்திருக்கு, நின்ன இடத்துலயே மணிக்கணக்கா உறுமியிருக்கு. காத்து படாம சூடாகி, பெல்ட் கருகி, கிளட்ச் தேய்ஞ்சு வந்திருந்தது. இப்போ சொல்லுங்க அண்ணாச்சி, 6,000 பெரிசா, 24,000 பெரிசா? (கைதட்டல்)

இன்னும் ஒண்ணு. ஓடாத வண்டி நல்ல வண்டின்னு ஒரு நினைப்பு இருக்கு. பத்து வருஷமாக் கொட்டகையில நின்ன வண்டி ஒண்ணு வந்தது. மீட்டர்ல வெறும் 1,900. உரிமையாளர் முகத்துல அப்படி ஒரு பெருமை. சீட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு எலிக் குடும்பம் கல்யாணம் காதுகுத்து எல்லாம் முடிச்சுப் பேரன் பேத்தி எடுத்திருக்கு! (பலத்த சிரிப்பு) ஒயரைக் கடிச்சிருக்கு. கார்புரேட்டர்ல பெட்ரோல் காய்ஞ்சு கோந்தாகியிருக்கு. ரப்பர் சீல் எல்லாம் வெடிச்சிருக்கு. தூரம் ஓடலை. ஆனா காலம் ஓடிடுச்சே!

நான் நியாயமாப் பேசணும். எதிரணியில் பேசிய தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாங்க. “அப்படின்னா தூரத்துக்கு மதிப்பே இல்லையா?” இருக்கும்மா. இல்லைன்னு சொன்னா நான் மெக்கானிக்கே இல்லை. நம்ம ஊர்ல லூனா, யெஸ்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியும். பெரும்பாலான ஸ்நோமொபைல் அந்த ஜாதிதான். அதுல பிஸ்டன், ரிங் எல்லாம் தேயும். 20,000 கிலோமீட்டர் ஓடி, ஒரு தடவைகூடத் திறக்காத டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தா, திறக்க ஆகிற செலவை விலையில கழிச்சே ஆகணும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்னா, ஆயில் மாத்தி, வால்வு இடைவெளி பார்த்துக்கிட்டே வந்தா ரொம்ப தூரம் உழைக்கும்.

ஆனா தங்கச்சி, தேய்ஞ்சிருக்கா இல்லையான்னு மீட்டர் சொல்லாது. கம்ப்ரஷன் கேஜ்னு ஒண்ணு இருக்கு. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு மாட்டினா, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்குதுன்னு காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா உள்ளே ஏதோ கோளாறு. டாக்டர் நம்மகிட்ட வயசை மட்டுமா கேட்கிறார்? கையைப் பிடிச்சு நாடி பார்க்கிறார் இல்லையா? மீட்டர் ஒரு கேள்வி கேட்கும். அவ்வளவுதான். பதில் சொல்றது பார்த்துக்கொண்ட கை! (கைதட்டல்)

நடுவர் ஐயா, இப்போ ஒரு விஷயம் சொல்லப் போறேன். இதை மேடையில சொல்லணுமான்னு வரும்போது கார்ல நாலு மணி நேரம் யோசிச்சேன். என் மனைவி முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. “சொல்லுங்க”ன்னுட்டாங்க.

நான் இந்தத் தேசத்துக்கு வந்து மூணாவது குளிர்காலம். கையில காசு இல்லை. சீசன் முடிஞ்சப்புறம் மலிவா ஒரு ஸ்நோமொபைல் வாங்கி, துடைச்சு, பாலிஷ் போட்டு, டிசம்பர்ல விக்கலாம்னு கணக்குப் போட்டேன். மீட்டர்ல 5,800 கிலோமீட்டர். ரொம்பக் கம்மி. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி டிராக்கைக் கையால சுத்தினேன். ‘கரகர’ன்னு ஒரு சத்தம். டிராக்கைச் சுத்துற தண்டோட பேரிங் போகப் போகுது. எனக்குத் தெரிஞ்சது. பேரிங் விலை 60 டாலர். ஆனா பாதி வண்டியைப் பிரிக்கணும், ஒரு நாள் வேலை. நான் என்ன பண்ணினேன்? கிரீஸை அடைச்சேன். சத்தம் போயிடுச்சு.

இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். மீட்டரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. 3,800 டாலர் எண்ணிக் கொடுத்தான். பேரமே பேசலை.

ஜனவரியில ஒரு சாயங்காலம், ஏரி நடுவுல, கரையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே, அந்த பேரிங் உடைஞ்சது. தண்டு இறங்கி, டிராக் கிழிஞ்சு, வண்டி நின்னுடுச்சு. மைனஸ் 29 டிகிரி. போன் சிக்னல் கிடையாது. அந்தப் பையன் மூணு மணி நேரம் நடந்திருக்கான். தூரத்துல ஒரு மீன்பிடிக் குடிசையில வெளிச்சம். அங்கே இருந்த பெரியவர் அடுப்பு மூட்டி உட்கார வச்சதால உயிர் பிழைச்சான். ரெண்டு விரல் நுனி பனியில வெந்து கறுத்துப் போச்சு.

நாலு நாள் கழிச்சு, கையில கட்டோட என் வீட்டுக்கு வந்தான். கத்துவான், அடிப்பான்னு பயந்தேன். சாவியை மேசை மேல வச்சான். ஒரே ஒரு கேள்வி கேட்டான். “உங்களுக்குத் தெரியுமா?”

நான் “தெரியும்”னேன்.

(அரங்கில் அமைதி)

அவன் ஒண்ணும் பேசலை. போயிட்டான். பணம் அதுக்குள்ள வாடகை, மளிகைன்னு செலவாகியிருந்தது. அஞ்சு தவணையில 3,800 டாலரையும் திருப்பிக் கொடுத்தேன். கடைசித் தவணை கொடுக்கப் போகும்போது என் மனைவியும் வந்தாங்க. அவங்க அவன் கையைத்தான் பார்த்தாங்க. திரும்பி வரும்போது கார்ல ரெண்டு பேரும் பேசலை.

அண்ணாச்சி, அந்த வண்டியில மீட்டர் சரியாத்தான் இருந்தது. 5,800-னா 5,800 தான். ஒரு கிலோமீட்டர்கூடப் பொய் இல்லை. பொய் இருந்தது இந்தக் கையில! அதனாலதான் சொல்றேன், விலையைத் தீர்மானிக்கிறது கைதான். நல்ல கையா இருந்தாலும் கைதான், கெட்ட கையா இருந்தாலும் கைதான். (நீண்ட கைதட்டல்)

சரிங்க, கெட்டதைச் சொல்லிட்டேன். இப்போ கத்துக்கிட்டதைச் சொல்றேன். என் சொந்த ஸ்நோமொபைலை 2023 நவம்பர்ல வித்தேன். 2010 மாடல் யமஹா. ஃபோர் ஸ்ட்ரோக். பதினாலு குளிர்காலம் ஓட்டினேன். மீட்டர்ல 27,000 கிலோமீட்டர். எதிரணிக்காரங்க இதைக் கேட்டதும் “காயலான் கடைக்குப் போடு” என்பாங்க. நான் எப்படி விலை வச்சேன்னு வரிசையாச் சொல்றேன். வீட்டுல பழைய சாமான் இருக்கிறவங்க குறிச்சுக்குங்க.

முதல்ல காலம். மார்ச் மாசம் விக்க வந்தா யாரும் வாங்க மாட்டான். சித்திரை வெயில்ல கம்பளி விக்கிற மாதிரி. முதல் பனி விழுறதுக்குக் கொஞ்சம் முன்னால, அக்டோபர், நவம்பர்ல விக்கணும்.

அடுத்து ஒப்பீடு. அதே வருஷம், அதே மாதிரி, ஆனா 12,000-லிருந்து 15,000 கிலோமீட்டர் ஓடின வண்டி மூணுக்கு எங்க பக்கத்துல விளம்பரம் வந்திருந்தது. 5,400, 5,200, 4,900. நடுவுல இருக்கிறதை எடுத்தேன், 5,200. ஆனா அது கேட்கிற விலை, விக்கிற விலை இல்லை. பேரத்துல 300 போகும். 4,900.

இப்போதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கழிக்கணும். என் வண்டியோட டிராக்குல சின்னச் சின்ன வெடிப்பு. இன்னும் ஒண்ணு ரெண்டு குளிர்காலம்தான் தாங்கும். மாத்த 1,000 டாலர். கழிச்சா 3,900. ஷாக் அப்சர்பர் எண்ணெய் கசியுது. 300. கழிச்சா 3,600. சறுக்குப் பலகைக்கு அடியில திருப்பத்துல பனியைக் கவ்வுறதுக்கு ஒரு கம்பி இருக்கும். தேய்ஞ்சு போச்சு. 100. கழிச்சா 3,500.

கடைசியா ஒண்ணு கழிச்சேன். பயத்துக்கு 300. ஆமாங்க, 27,000 என்ற எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் வீட்டு வாசலுக்கே வர மாட்டாங்க. வர்ற ஆள் குறைஞ்சா விலை குறையும். அண்ணாச்சி, உங்க மீட்டருக்கு நான் கொடுக்கிற மரியாதை அந்த 300 டாலர்! (சிரிப்பு, கைதட்டல்) ஆக 3,200. பேரத்துக்கு 200 சேர்த்து 3,400-னு சொல்லலாம்னு முடிவு பண்ணினேன்.

என் மனைவி பக்கத்துல உட்கார்ந்து கணக்கைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. “ஏங்க, போன வருஷம்தானே கிளட்சுக்கு 1,100 டாலர் செலவு பண்ணீங்க? அதைச் சேர்க்கலையா?”

எல்லாரும் தப்புப் பண்ற இடம் இதுதாங்க. செஞ்ச செலவு விலையைக் கூட்டாது. குறையாம தடுக்கும். அவ்வளவுதான். கிளட்ச் கெட்டிருந்தா 1,100 கழிச்சிருப்பான். கெடலை, அதனால கழிக்க மாட்டான். பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட, “பிள்ளையை வளர்க்க எவ்வளவு பால் வாங்கினோம் தெரியுமா”ன்னு பில் நீட்ட முடியுமா? (பலத்த சிரிப்பு) ஆனா அந்த ரசீதை எடுத்து வைக்கணும். பதினாலு வருஷ ரசீதும் ஒரு பிஸ்கட் டப்பாவில வச்சிருந்தேன். ஆயில் மாத்தினது, பெல்ட் மாத்தினது, வால்வு பார்த்தது, தேதியோட, கிலோமீட்டரோட. அந்த டப்பா இல்லைன்னா, 27,000 என்ற எண்ணுக்கு என்கிட்ட பதிலே இல்லை.

அப்புறம் ஒரு தாள் எடுத்து ரெண்டு பத்தியா எழுதினேன். இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது. டிராக் வெடிப்பு, ஷாக் கசிவு எல்லாம் என் கையால எழுதினேன்.

ஒரு அப்பாவும் அவர் மகளும் வந்தாங்க. பொண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். அவர் வந்ததும் எஞ்சின் மேல கையை வச்சார். ஜில்லுன்னு இருந்தது. தலையை ஆட்டினார். விவரமான ஆளு! விக்கிறவன் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருந்தா, குளிர்ல ஸ்டார்ட் ஆகுறதுல ஏதோ தகராறுன்னு அர்த்தம். அவர் சுவிட்சை அழுத்தினார். பிடிச்சுக்கிச்சு. உரிமைச் சீட்டுல இருக்கிற எண்ணும் வண்டியில பொறிச்ச எண்ணும் ஒண்ணுதானான்னு பார்த்தார். கடன் பாக்கி ஏதும் இல்லையேன்னு கேட்டார். எல்லாம் கேட்க வேண்டிய கேள்வி. அப்புறம், யமஹா ஸ்நோமொபைலை நிறுத்தப் போறாங்களாமே, பார்ட்ஸ் கிடைக்குமான்னார். நியாயமான கேள்வி. அந்தக் கம்பெனி 2023-லதான் அறிவிச்சது, வட அமெரிக்காவுல 2025 மாடலோட நிறுத்துறோம்னு. பார்ட்ஸும் சர்வீஸும் தொடரும்னு அவங்க சொல்லியிருக்கிறதைச் சொன்னேன்.

தாளைக் கொடுத்தேன். படிச்சுட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “உங்க வண்டியைப் பத்தி நீங்களே இப்படி எழுதி வச்சிருக்கீங்களே?” என்றார். நான் சிரிச்சுக்கிட்டேன். காரணம் சொல்லலை.

3,400-னு சொன்னேன். அவர் 2,800-ல ஆரம்பிச்சார். ரசீது டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு ரசீதா எடுத்துப் பார்த்தார். அரை மணி நேரம். 3,150-ல வந்து நின்னோம்.

கையைக் குலுக்கப் போற நேரம். அதுவரைக்கும் வாயே திறக்காத அந்தப் பொண்ணு, பின்பக்கத்தைத் தூக்கி, உள்ளே இருக்கிற சின்னச் சக்கரங்களை ஒவ்வொண்ணா விரலால சுத்திப் பார்த்துக்கிட்டிருந்தது. ஒரு இடத்துல நிறுத்தி, “அப்பா, இந்தச் சக்கரம் ஆடுது”ன்னுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். ஆமா, ஆடுது. எனக்குத் தெரியலை. சத்தியமாத் தெரியலை! அது பேரிங் தாங்க. அந்த நேரத்துல எனக்கு அந்தப் பையனோட கட்டுப் போட்ட கைதான் ஞாபகம் வந்தது. உடனே ஒரு 50 டாலரைக் குறைச்சேன். “குறைக்க வேண்டாம், பரவாயில்லை”ன்னார் அவர். “இல்லைங்க, இது உங்க மகள் சம்பாதிச்சது”ன்னேன். (கைதட்டல்) 3,100. தாள்ல கெட்ட பக்கத்துல அதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சீட்டுக்கு அடியில இருந்த ஸ்பேர் பெல்ட்டைக் காட்டினேன். “ஏரிக்குப் போறப்போ இது இல்லாம போகாதம்மா, பெல்ட் அறுந்தா வழியிலேயே மாட்டிக்கலாம்”னேன். எப்படி மாட்டுறதுன்னு கேட்டுச்சு. காட்டினேன். தானே ஒரு தடவை கழட்டி மாட்டிப் பார்த்துட்டுத்தான் கிளம்புச்சு.

அவங்க டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போனப்புறம் என் மனைவி கேட்டாங்க. “பதினாலு வருஷம் வச்சிருந்தீங்களே, மனசு கஷ்டமா இல்லையா?” இல்லைம்மான்னேன். வண்டி ஒரு நல்ல கையிலேர்ந்து அதைவிட நல்ல கைக்குப் போயிருக்கு. அது பார்க்காத இடத்தை அந்தப் பொண்ணு பார்த்துடுச்சே!

நடுவர் ஐயா, என் வாதத்தைச் சுருக்கமாச் சொல்லி முடிச்சுக்கறேன். 5,800 கிலோமீட்டர் ஓடின வண்டியை 3,800 டாலருக்கு வித்தேன். ஒரு பையனோட விரல் போகப் பார்த்தது. 27,000 கிலோமீட்டர் ஓடின வண்டியை 3,100 டாலருக்கு வித்தேன். அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். ரெண்டு மீட்டருமே உண்மையைத்தான் சொல்லிச்சு. ரெண்டு வண்டியையும் வித்ததும் ஒரே ஆள்தான். மாறினது இந்தக் கை!

ஆகவே, வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று மட்டும் கேட்டு விலை சொல்லாதீர்கள். யார் பார்த்துக்கொண்டார்கள், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள், எதை மறைக்காமல் சொன்னார்கள் என்று கேட்டு விலை சொல்லுங்கள். பழைய வண்டிக்கு விலை சொல்வது பார்த்துக்கொண்ட கையே, கையே என்று ஆணித்தரமாகக் கூறி, நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பை எங்கள் கையிலேயே தருவார் என்ற நம்பிக்கையோடு, விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)